நொறுங்கிய காருக்கு மறுவாழ்வு

மோட்டார் கார் நம் நாட்டிற்கு வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அதை முதன்முதலில் ஓட்டியவர் யார், எந்த அரசர் எத்தனை கார்கள் வைத்திருந்தார், எந்த ஆலையில் எந்த ஆண்டு என்ன வண்டி செய்யப்பட்டது என்பன பற்றியெல்லாம் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒரு சாதாரணக் குடும்பத்தின் கார் மரத்திலோ லாரியிலோ மோதி நொறுங்கிய பின் என்ன ஆயிற்று என்பதைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே. அதுவும் வரலாறுதான். நம் மக்களின் கைத்திறனும், சிக்கனமும், அரசாங்கக் கொள்கைகளும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்த வரலாறு அது. அதனை ஹைதராபாத் நகரை முன்னிறுத்தி நாம் இங்கே சற்று ஆராய்வோம்.

அந்நகரின் மோட்டார் வரலாற்றில் இரண்டு வண்டிகள் நம் கவனத்தைக் கவர்கின்றன. ஒன்று, ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கான் இங்கிலாந்தில் செய்வதற்கு ஆணையிட்ட ரோல்ஸ் ராய்ஸ் ‘சில்வர் கோஸ்ட்’ கார். மஞ்சள் வண்ணமும், பின்புறத்தில் சிம்மாசனம் போல் உயர்ந்த இருக்கையும் கொண்டது அது. 1911ஆம் ஆண்டில் நிஜாம் காலமானார்; வண்டி அதன் பின்னரே வந்து சேர்ந்தது. அவருடைய மைந்தர் மீர் உஸ்மான் அலி கான் காலத்தில் அது விசேஷ நாட்களில் மட்டுமே வெளியே வந்தது. மிகக் குறைந்த தூரமே ஓடிய அந்தக் கார், பிற்காலத்தில் செப்பனிடப்பெற்று, சௌமஹல்லா அரண்மனையில் காட்சிப் பொருளாக வைக்கப்பட்டது.

மற்றொன்று மிக எளிய வண்டி. 1932ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நிஜாம் அரசாங்க ரயில்வேயின் ஒரு பிரிவாகச் சாலைப் போக்குவரத்து இலாகா தொடங்கப்பெற்றது. அப்போது அதற்கு இருந்தவை 27 பேருந்துகள். ஊழியர் 166 பேர். அந்நாளில் ஓடிய ‘ஆல்பியன்’ பேருந்துகள் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் செய்யப்பட்டவை. ஓடாமல் நின்ற அரசரின் காருக்குப் பழுது ஏற்பட வாய்ப்பில்லை. நாள்தோறும் ஓடிய பேருந்துக்கோ பழுது நாள்தோறும் உண்டு. ஓர் உறுப்பு உடைந்தால் அது கிளாஸ்கோவிலிருந்து கப்பலேறி வரும்வரை வண்டியை நிறுத்தி வைப்பதா? இயலாது. ஆகவே உடைந்ததை இங்கேயே ஒட்ட வேண்டும், தேய்ந்ததை இங்கேயே கடைய வேண்டும், நசுங்கியதை இங்கேயே தட்டி நிமிர்த்த வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது.

இரண்டாம் உலகப் போர் அந்நிலையை மேலும் இறுக்கியது. 1939 முதல் 1945 வரை வெளிநாட்டு உதிரிப் பாகங்கள் கிடைப்பது அரிதாயிற்று. பெட்ரோலும் பங்கீட்டுக்கு உள்ளாயிற்று. நாடெங்கும் பேருந்துகளின் முதுகில் அடுப்பைக் கட்டி, கரியை எரித்து, அதிலிருந்து வந்த வாயுவைக் கொண்டு எஞ்சினை ஓட்டினார்கள். அந்தப் போர்க் காலத்திலேயே, 1942இல், ஹைதராபாத்தில் ஆல்வின் தொழிற்சாலை தோன்றியது. பேருந்துகளுக்கு உடல் கட்டுவது அதன் தொழில்களில் ஒன்றாயிற்று. எஞ்சினும் சக்கரமும் பொருத்திய வெறும் சட்டமாக வரும் வண்டிக்கு, இரும்புத் தகட்டை அளந்து, வெட்டி, வளைத்து, கூரையும் பக்கங்களும் அமைப்பது எளிய வேலையன்று. தகடு எவ்வளவு வளையும், எங்கே கிழியும், எந்த அடிக்கு எப்படி நெளியும் என்பதைக் கண்ணாலும் கையாலும் அறிந்தவர்களே அதைச் செய்ய முடியும்.

சுதந்திரத்திற்குப் பின் நிலைமை வேறு விதமாக மாறியது. அதுவரை அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் பகுதி பகுதியாக வந்த கார்களை இங்கே பூட்டி விற்கும் கம்பெனிகள் இருந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928இலேயே பம்பாயில் அத்தகைய ஆலையைத் தொடங்கியிருந்தது. 1953ஆம் ஆண்டில் தீர்வைக் கமிஷன் கூறிய யோசனையை ஒட்டி, படிப்படியாக உள்நாட்டிலேயே முழு வண்டியையும் உற்பத்தி செய்யும் திட்டம் உடையவர்களே தொழில் நடத்தலாம் என்று அரசாங்கம் விதித்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. கார் வாங்க விரும்பிய குடும்பத்துக்கு எஞ்சியவை பெரும்பாலும் மூன்றே. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957 முதல் செய்த அம்பாஸிடர் ஒன்று. பம்பாயில் பிரீமியர் கம்பெனி செய்த ஃபியட் ஒன்று. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு மற்றொன்று.

இதனால் விளைந்த பயன் என்ன? புதுக் கார் வேண்டுமென்று பணம் கட்டிப் பதிவு செய்துகொண்டவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆகையால் கையிலிருந்த கார் நொறுங்கினாலும் அதை விட்டெறிவது அறிவுடைமையாகத் தோன்றவில்லை. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 1946 முதல் கட்டாயமாக்கப்பட்ட இன்ஷூரன்ஸ், பிறருக்கு நேரும் தீங்குக்கு மட்டுமே ஈடு தருவது. தன் வண்டிக்கு நேர்ந்த சேதத்திற்கும் ஈடு வேண்டுமானால் தனியே சந்தா கட்ட வேண்டும். பழைய கார் வைத்திருந்த குடும்பங்களில் பல அந்தச் செலவை மிச்சப்படுத்தின. ஆகவே விபத்து நேர்ந்தால் செலவு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழுந்தது. வீட்டு வாசலிலோ, வேப்பமரத்து நிழலிலோ, தெருமுனைப் பட்டறையிலோ சிறுகச் சிறுகப் பழுது பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

அதே சமயம், இந்த நிலையில் ஓர் அனுகூலமும் இருந்தது. ஊரெங்கும் மூன்று வகைக் கார்களே ஓடியதால், எந்தப் பட்டறையில் வேலை செய்த சிறுவனுக்கும் அவற்றின் ஒவ்வொரு திருகும் மனப்பாடமாயிற்று. அம்பாஸிடர் கார் பெரிய உருமாற்றம் இன்றி 2014ஆம் ஆண்டுவரை உற்பத்தி செய்யப்பட்டது. ஃபியட்டும் பின்னாளில் ‘பத்மினி’ என்ற பெயர் பூண்டு 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலம் வரை வந்தது. எனவே ஒரு காரின் கதவு சிதைந்தால், காயலான் கடையில் கிடந்த மற்றொரு காரின் கதவைக் கொண்டுவந்து மாட்டலாம். ஹைதராபாத்தில் புத்லிபௌலியும், செகந்தராபாத்தில் ராணிகஞ்சும் மோட்டார் உதிரிப் பாகக் கடைகளுக்குப் பெயர்பெற்ற இடங்கள். ஒரு கார் இறந்து பத்துக் கார்களைப் பிழைப்பிக்கும் பொருளாதாரம் இத்தகைய கடைவீதிகளில்தான் வளர்ந்தது.

இந்த மூன்று கார்களிலும், வீட்டில் பழுது பார்ப்பதற்கு மிகவும் இசைந்த அமைப்பு ஹெரால்டுக்கே உரியது. இதற்குக் காரணம் இங்கிலாந்தின் தொழில் வரலாற்றில் இருக்கிறது. 1950களில் பெரும்பாலான கார்கள், சட்டம் தனி, உடல் தனி என்ற பழைய முறையை விட்டு, உடலே சட்டமாகவும் விளங்கும் ஒற்றை உடல் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. அம்பாஸிடரும் ஃபியட்டும் அந்த வகையைச் சேர்ந்தவையே. ஹெரால்டைச் செய்ய எண்ணிய ஸ்டாண்டர்டு கம்பெனிக்கோ பெரிய உடல்களை அச்சிட்டுத் தரும் ஆலை கிடைக்கவில்லை. அவ்வேலையைச் செய்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ ஆலையைப் போட்டிக் கம்பெனியொன்று 1953இல் விலைக்கு வாங்கிவிட்டது. ஆகவே உடலைப் பல துண்டுகளாகப் பிரித்து, வெவ்வேறு இடங்களில் செய்வித்து, தனிச் சட்டத்தின் மீது திருகுகளால் பூட்டுவது என்று முடிவு செய்தார்கள். இத்தாலிய நாட்டு மிச்செலொட்டி அதன் வடிவத்தை வரைந்தார். 1959இல் இங்கிலாந்திலும், இரண்டாண்டுகளுக்குப் பின் சென்னையிலும் அந்தக் கார் வெளிவந்தது.

இல்லாமையால் பிறந்த அந்த அமைப்பு நம் நாட்டுப் பழுதுவேலைக்கு வரமாக அமைந்தது. ஹெரால்டின் முன்பகுதி முழுவதும், இரு பக்க மட்கார்டுகளோடும் விளக்குகளோடும், ஒரே மூடியாக முன்புறம் சாய்ந்து திறக்கும். எஞ்சினும் முன் சக்கரங்களும் கண்முன்னே தெரியும். முன் சக்கரத்தின் அருகே நின்றுகொண்டே வேலை செய்யலாம். முன்புறம் மோதி நசுங்கினால் அந்த மூடியைக் கழற்றித் தரையில் வைத்து நிதானமாகத் தட்டலாம். அல்லது வேறொன்றை மாட்டலாம். கூரையும் திருகுகளால் பூட்டப்பட்டதே. 948 கன சென்டிமீட்டர் கொண்ட சிறிய எஞ்சினும், 25 அடி வட்டத்திற்குள் திரும்பிவிடும் சக்கர அமைப்பும் குறுகிய சந்துகளுக்கு ஏற்றவையாக இருந்தன. இந்தியக் குடும்பங்களின் தேவையை எண்ணி, வேறெந்த நாட்டிலும் இல்லாத நான்கு கதவு ஹெரால்டைச் சென்னையிலேயே செய்தார்கள். 1972இல் அது ‘கெஸல்’ என்று பெயர் மாறியது. 1970களின் பிற்பகுதியில் உற்பத்தி நின்றது. ஆலை நின்ற பின்னும் கார்கள் நிற்கவில்லை. கழற்றிப் பூட்டக்கூடிய பொருளுக்கு ஆயுள் நீளம்.

இனி, நொறுங்கிய காரைக் கைக்கருவிகளால் நிமிர்த்தும் முறையைப் பார்ப்போம். ‘டிங்கர் வேலை’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் இத்தொழிலுக்குத் தெளிவான விதிகள் உண்டு. முதலாவது, தட்டுவதற்கு முன் அளக்க வேண்டும். வெளித்தகடு எப்படி இருந்தாலும், சட்டம் நேராக இருக்கிறதா என்பதே முதற் கேள்வி. சமதளமான தரையில் காரை நிறுத்தி, சட்டத்தின் இரு புறமும் ஒத்த இடங்களிலிருந்து தூக்குக் குண்டு விட்டு, தரையில் சாக்கட்டியால் புள்ளியிடுவார்கள். பிறகு காரை நகர்த்திவிட்டு, புள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கயிற்றால் அளப்பார்கள். இரு மூலைவிட்டங்களும் ஒரே நீளமாக இருந்தால் சட்டம் சரி. வேறுபட்டால் சட்டம் கோணியிருக்கிறது. வீடு கட்டும் கொத்தனார் அறையின் மூலை மட்டம் பார்க்கும் அதே கணக்குத்தான் இது.

இரண்டாவது விதி, சேதம் வந்த வழியே திரும்பிச் செல்ல வேண்டும் என்பது. மோதலில் முதலில் நசுங்கிய இடத்தை முதலில் தட்டக் கூடாது. கடைசியில் நெளிந்த இடத்தை முதலில் எடுத்து, பின்னோக்கியே வர வேண்டும். மூன்றாவது, சுத்தியலின் அடிக்குப் பின்புறம் தாங்கு இரும்பு வேண்டும். முறையின்றி மிகையாகத் தட்டினால் தகடு நீண்டு, டப்பா மூடிபோல் உள்ளும் வெளியும் துள்ளத் தொடங்கும். அப்படி நீண்டுவிட்ட தகட்டைக் காசளவு இடத்தில் சிவக்கக் காய்ச்சி, ஈரத் துணியால் அணைத்தால் அது சுருங்கி நிலைபெறும். எஞ்சிய சிறு பள்ளங்களுக்கு முற்காலத்தில் ஈயம் உருக்கி நிரப்பினார்கள்; பிற்காலத்தில் பட்டி வந்தது. அது மெல்லிய பூச்சாக இருக்கும் வரை நல்லது. பள்ளத்தை நிமிர்த்தாமல் பட்டியால் மூடுவது புண்ணுக்கு மருந்திடாமல் கட்டு மட்டும் போடுவதை ஒக்கும். வெயிலிலும் குலுக்கலிலும் அது ஒருநாள் பெயர்ந்தே தீரும்.

வெறும் கைத்திறனும் காயலான் கடைப் பொருள்களும் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஹைதராபாத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கன்யபோயின சுதாகர் என்பவர், பள்ளிப் பருவத்திலேயே பழைய சாமான்களைக் கொண்டு வண்டிகள் செய்யத் தொடங்கியவர். கழித்தெறிந்த உறுப்புகளிலிருந்தும் தகடுகளிலிருந்தும் விசித்திர உருவங்களில் ஓடும் வண்டிகளை அவர் உருவாக்கினார். 2005ஆம் ஆண்டில் அவர் செய்த மாபெரும் மூன்று சக்கர சைக்கிள் கின்னஸ் சாதனையாகப் பதிவு பெற்றது. 2010இல் பஹதூர்புராவில், நேரு விலங்கியல் பூங்காவுக்கு அருகே, தம் வண்டிகளுக்கென்றே ஒரு பொருட்காட்சிசாலையைத் திறந்தார். வேடிக்கை பார்க்க அங்கே செல்லும் குழந்தைகள் சிரித்து மகிழ்வார்கள். தொழிலறிந்தவர்களோ, அந்த வளைவுகளுக்குப் பின்னால் உள்ள சுத்தியல் வேலையைக் கண்டு வியப்பார்கள்.

இவ்வளவு சொன்ன பின், இன்றைய நிலையையும் நாம் நேராக நோக்க வேண்டும். 1983ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி கார் வெளிவந்தது. அதன் பின் 1990களில் பல நாட்டுக் கம்பெனிகளும் வந்தன. புதுக் காருக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நிலை மறைந்தது. பழுது பார்ப்பதா, விட்டுவிடுவதா என்ற கேள்வி கணக்குப் புத்தகத்திற்கு மாறியது. இன்ஷூரன்ஸ் விதியின்படி, பழுது பார்க்கும் செலவு காரின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தை மீறினால் அது ‘முழு நஷ்டம்’ என்று கருதப்படும். ஓர் உதாரணம் பார்ப்போம். ஆறு லட்ச ரூபாய் மதிப்புள்ள புதிய கார் ஒன்றும், 1,20,000 ரூபாய் மதிப்புள்ள பழைய கார் ஒன்றும் ஒரே விதமாக மோதின. இரண்டையும் நிமிர்த்த ஒரு லட்ச ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். புதிய காருக்கு எல்லை 4,50,000 ரூபாய். ஆகவே அது சாதாரணப் பழுது. பழைய காருக்கு எல்லை 90,000 ரூபாய். ஆகவே அது முழு நஷ்டம். இரும்பு இரண்டிலும் ஒரே அளவில்தான் நசுங்கியிருக்கிறது. பழைய காரை ‘நாசமானது’ என்று சொல்வது பல சமயங்களில் கணக்கின் தீர்ப்பே என்பதை இதனால் அறிகிறோம்.

அதுமட்டுமன்று. வழக்கமான இன்ஷூரன்ஸ் முறையில், பத்து ஆண்டுகளைக் கடந்த காருக்குப் புதிதாக மாற்றும் உலோக உறுப்புகளின் விலையில் பாதியைத் தேய்மானமாகக் கழித்துவிடுவார்கள்; ரப்பர், பிளாஸ்டிக் உறுப்புகளுக்குக் காரின் வயது எதுவாயினும் பாதிதான். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், பதினைந்து ஆண்டான காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பழைய வண்டிகளைக் கழித்துவிடத் தூண்டுவதே இதன் நோக்கம். புகை குறைய வேண்டும், சாலையில் பத்திரம் வேண்டும் என்ற அந்த நோக்கத்தை நாம் குறை கூற முடியாது. ஆனால் ஒரு குமாஸ்தாவின் குடும்பத்துக்கோ, ஓய்வு பெற்ற ஆசிரியருக்கோ, கையிலிருக்கும் காரை இழந்தால் அடுத்த கார் என்பது எட்டாக் கனியாகலாம். அவர்கள் வீட்டிலேயே, வேண்டிய செலவை மட்டும் செய்து காரைப் பிழைப்பிக்க விரும்புவது நியாயமே. இங்குதான் எதில் சிக்கனம், எதில் கூடாது என்ற கேள்வி உயிர்ப் பிரச்சினையாகிறது.

பழைய காரின் தடித்த தகட்டைத் தட்டி நிமிர்த்திய காலத்தின் பழக்கத்தை இன்றைய காரிடம் அப்படியே காட்ட முடியாது. இக்காலக் காரின் முன்பகுதி, மோதலின் வேகத்தைத் தானே மடிந்து உள்வாங்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டது. உள்ளிருப்பவர்களைக் காக்க அது தன்னைப் பலிகொடுக்கிறது. ஒருமுறை மடிந்த அந்த உறுப்பை நிமிர்த்தி வண்ணம் பூசினால் கண்ணுக்குப் பழையபடி தோன்றும். ஆனால் அடுத்த மோதலில் அது கணக்கிட்டபடி மடியாது. உறுதி மிகுந்த எஃகைக் காய்ச்சினால் அதன் வலிமையே குன்றிவிடும். 2019ஆம் ஆண்டு ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயமாயிற்று. ஒருமுறை வெடித்துவிட்ட காற்றுப்பையை மடித்து உள்ளே திணித்துத் தைத்துவிடுவது, இல்லாத பாதுகாப்பை இருப்பதாகக் காட்டி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். கடும் மோதலில் உடலைத் தாங்கிய இருக்கைப் பட்டையும் அத்தகையதே. அதைப் புதிதாக மாற்றியே ஆக வேண்டும்.

ஆகவே சிக்கனத்துக்கு உரிய இடங்களை நாம் வகுத்துக்கொள்வோம். கதவு, பானெட், மட்கார்டு, விளக்கு, கண்ணாடி, இருக்கை உறை ஆகியவற்றைக் காயலான் கடையில் தேடி வாங்கலாம். வாங்கும்போது ரசீது கேட்டுப் பெறுவது திருட்டுப் பொருள் கைக்கு வராமல் காக்கும். கழற்றுவதும், துருவைச் சுரண்டுவதும், பூச்சு வேலையும் வீட்டிலேயே நடக்கலாம். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும், பெட்ரோல் தொட்டியை அப்புறப்படுத்துவதும் தவறாமல் செய்ய வேண்டியவை. சட்டம், ஸ்டியரிங், பிரேக், சக்கர அமைப்பு, இருக்கைப் பட்டை, காற்றுப்பை ஆகிய ஆறிலும் சிக்கனம் கூடாது. அவற்றை நல்ல கருவிகள் உள்ள பட்டறையில், தேர்ந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். சட்டத்திலும் எஞ்சினிலும் பொறித்த எண்களைத் தொடவே கூடாது. எஞ்சினை மாற்ற நேர்ந்தால் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி பெற்றே மாற்ற வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. மூலைவிட்டங்களை அளந்து பார்க்க வேண்டும். சட்டம் நேராக இருந்தால், பொறுமையும் கைத்திறனும் உள்ள குடும்பம் துணிந்து இறங்கலாம். சட்டம் மிகவும் கோணியிருந்தாலோ, துரு அரித்திருந்தாலோ, எவ்வளவு அன்பாக வளர்த்த காரானாலும் அதை விட்டுவிடுவதே முறை. அப்போதும் அது முற்றிலும் வீணாவதில்லை. அரசாங்கம் பதிவு செய்த கழிப்பு நிலையத்தில் ஒப்படைத்து, சான்றிதழ் பெற்றுக்கொண்டால், அதன் இரும்பு உருகி வேறொரு பொருளாகும்.